வலப்பக்கம் ஒடித்தால் ஒரு சத்தம்

காது ஒரு மனிதனுக்குச் சோறு போடுமா என்று கேட்டால், போடும். அவருக்குப் போட்டது. மேட்டுச் சாலை இறங்கி முடிகிற திருப்பத்தில், டயர் கடைக்கும் கண்ணாடிக் கடைக்கும் நடுவே, தகரக் கூரை போட்ட ஒரு பிரேக் ஷெட். பலகையில் எழுதியிருந்த பெயர் எதிர்க்கடைக்காரருக்கே தெரியாது. "பாம்புக்காது ஷெட் எங்க?" என்று கேட்டால் போதும், யாரும் கை காட்டுவார்கள். தெருமுனையில் ஒரு வண்டி திரும்பும்போதே, குனிந்த தலை நிமிராமல், "பின்னாடி இடது பக்கம் பிரேக் பேட் சுத்தமா தேஞ்சுபோச்சு, இரும்பும் இரும்பும் உரசுது, உள்ள விடச் சொல்லு" என்பார். வண்டிக்காரன் இறங்கி வந்து வாயைத் திறப்பதற்குள் ஜாக்கி ஏறியிருக்கும். பாம்புக்காது என்று பெயர் வைக்காமல் வேறென்ன வைப்பார்கள்?

ஷெட்டில் இரண்டே பேர், அவரும் அவர் மனைவியின் தம்பியும். மச்சினன் கெட்டிக்காரன், கை வேகம் அப்படி. ஆனால் முடித்த வேலையை ஒரு தடவை திரும்பிப் பார்க்கிற பழக்கம் மட்டும் கிடையாது. அது அவன் குற்றமும் இல்லை, ஷெட்டின் வழக்கமே அப்படி அமைந்துவிட்டது. மச்சினன் பிரிப்பான், மாட்டுவான், முடுக்குவான். எல்லாம் முடிந்ததும் பாம்புக்காது வந்து சக்கரத்தைக் கையால் ஒரு சுழற்றுச் சுழற்றிவிட்டு, பக்கத்தில் குந்தி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அந்த நேரத்தில் கம்ப்ரஸரை நிறுத்திவிட வேண்டும், யாரும் இருமக்கூடக் கூடாது. சக்கரம் தானாக ஓய்ந்து நின்றதும் எழுந்து, "போகலாம்" என்பார். அந்த ஒரு சொல்லுக்குத்தான் வண்டிகள் வந்தன. பேட் எந்தக் கடையில் வாங்கினாலும் பேட்தானே.

அந்தக் காதுதான் போய்விட்டது.

ஒரே நாளில் போகவில்லை. இடது காது ரொம்ப நாளாகவே மந்தம். வலது காதை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். போன வருஷம் வலதும் இறங்க ஆரம்பித்தது. மெல்லிய சத்தங்கள் முதலில் போயின: அடுப்பில் கொதிக்கிற தண்ணீர், குழாயில் சொட்டுகிற நீர், அடுத்த அறைப் பேச்சு. "ஏன் இந்த வீட்ல எல்லாரும் வாய்க்குள்ளயே பேசுறீங்க? தொண்டையில என்ன அடைப்பு?" என்று மனைவி மேல் எரிந்து விழுந்தார். அவள் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என் தொண்டை நல்லாத்தாங்க இருக்கு. நீங்க போய்க் காதைக் காட்டுங்க" என்றாள்.

யாருக்கும் தெரியாமல் ஊரின் இன்னொரு கோடியில் இருந்த காது டாக்டரிடம் போனார். ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்கச் சொன்னார்கள். நம் ஆள் என்ன செய்தார் தெரியுமா? எதிர்க் கண்ணாடியில் தெரிந்த நர்ஸின் விரலைப் பார்த்தார். விரல் அசைந்தபோதெல்லாம் அமுக்கினார். யாரை ஏமாற்றுகிறோம் என்று கூடத் தோன்றவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு எழுந்து வந்து, நாற்காலியைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தார். அதற்கப்புறம் அந்தப் பொத்தானை அவர் அமுக்கவே இல்லை.

டாக்டர் எழுதிக் கொடுத்த காது மெஷினை வாங்கி, ஒரு பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டு, பீரோவில் துணிக்கு அடியில் வைத்தார். "காதுல மெஷினை மாட்டிக்கிட்டு பாம்புக்காதுன்னு ஷெட்ல உக்கார முடியுமா? சிரிப்பா சிரிச்சிருவானுங்க. உன் தம்பிகிட்ட மூச்சு விட்டேன்னா பாரு" என்றார். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் மூச்சு விடவில்லை.

அதிலிருந்து எல்லாம் நடிப்பு. வாயைப் பார்த்துப் பேச்சைப் பிடிப்பார். பிடிபடாவிட்டால் ஒரு சிரிப்பு, ஒரு "ஆமாமா". குரல் மட்டும் ஏறிப்போயிற்று. பக்கத்தில் இருப்பவனிடம் பேசினாலும் நாலு வீடு கேட்கும். வயசானால் அப்படித்தான் என்று மச்சினன் நினைத்துக்கொண்டான். சக்கரத்தைச் சுழற்றிவிட்டுக் கண்ணை மூடுவதை அவர் நிறுத்தவில்லை. காது செய்த வேலையை உள்ளங்கைக்கு மாற்றிக்கொண்டார். சக்கரம் எங்கேயாவது இழுக்கிறதா, ஓட்டிக் கொண்டுவந்த பிறகு சூடு ஏறியிருக்கிறதா என்று கை சொல்லிவிடும். பெரும்பாலும் சரியாகவே சொன்னது. பெரும்பாலும் என்ற சொல்லை நம்பிப் பிரேக் வேலை செய்யலாமா? கூடாது என்று அவருக்கே தெரியும். சாயந்தரம் ஷெட்டைப் பூட்டும்போது இனி வேண்டாம் என்று நினைப்பார். மறுநாள் காலையில் மறுபடி வந்து குந்தி உட்கார்ந்து கண்ணை மூடுவார்.

ரொட்டிக் கடை வேன் வந்தது அந்த நாட்களில்தான். அதை ஓட்டியவனுக்கு ஹாரன் என்று பட்டப்பெயர். காரணம் சொல்ல வேண்டியதில்லை. காலையில் ரொட்டி ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறுவான், திரும்பும்போது மேலே இருக்கிற மில்லிலிருந்து மாவு மூட்டை ஏற்றி இறங்குவான். ஷெட்டைக் கடக்கும்போதெல்லாம் இரண்டு தடவை ஹாரன் அடிப்பான். முன்பெல்லாம் பாம்புக்காது திரும்பாமலே, "போடா வெட்டிப்பயலே" என்று கத்துவார். கொஞ்ச நாளாக அவர் பதில் கத்துவதில்லை. அண்ணனுக்கு நம் மேல் என்ன கோபமோ என்று ஹாரன் நினைத்திருந்தான்.

முன் சக்கரம் இரண்டுக்கும் பேட் மாற்ற வேண்டியிருந்தது. மச்சினன் பேடைப் பிடித்திருக்கிற காலிப்பரைக் கழற்றித் திருப்பி வைத்து, பழைய பேடை எடுத்து, பிஸ்டனை உள்ளே தள்ளி, புதியதைப் போட்டு, போல்ட்டை முடுக்கினான். அவர் வந்து சுழற்றினார், குந்தினார், கண்ணை மூடினார். கையில் எந்த இழுப்பும் இல்லை.

"போகலாம்" என்றார்.

நாலைந்து நாள் கழித்து வேன் திரும்பி வந்தது.

"அண்ணே, ஒரு சத்தம் வருதுண்ணே. நேரா போனா இல்ல. ஸ்டியரிங்கை வலது பக்கம் முழுசா ஒடிச்சா மட்டும், சர்ர், சர்ர்னு" என்றான் ஹாரன். அவன் எப்போதும் முகத்துக்கு நேராக நின்று பேசுகிறவன், அதனால் ஒரு சொல் விடாமல் புரிந்தது.

மச்சினன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "புது பேட் தடியா இருக்குல்ல மாமா. பிஸ்டன் முழுசா உள்ள போகாம டிஸ்கைக் கவ்விக்கிட்டே இருக்கோ?"

பாம்புக்காது இரண்டு முன் சக்கரத்தின் நடுவிலும் கையை வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே சூடு. "கவ்வினா வலது பக்கம் கொதிக்கணும் மாப்ள. கொதிக்கல."

"காலிப்பர் பின்னு காஞ்சு போய் ஒரு பக்க பேட் மட்டும் ஒட்டிக்கிச்சோ?"

ஜாக்கி போட்டுச் சுழற்றினார். சக்கரம் தடையில்லாமல் சுற்றி மெல்ல நின்றது. "ஒட்டினா கைக்குத் தெரியாதா? இல்ல."

"அப்ப டிஸ்குக்குப் பின்னாடி இருக்கிற தகடு வளைஞ்சிருக்கும்."

"வளைஞ்சிருந்தா நேரா போகும்போதும் உரசும். இவன் ஒடிச்சாத்தான் வருதுங்கிறான்."

இதுவரைக்கும் பாருங்கள், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சுவதுதான் கோளாறு. ஜாக்கியில் சக்கரம் தொங்கும், தரையில் பாரத்தைத் தாங்கி நிற்கும். தொங்கும்போது இருக்கிற இடைவெளி நிற்கும்போது இருக்காது. அதனால் ஓட்டித்தான் பார்க்க வேண்டும் என்று அவரே சொன்னார். சொன்ன பிறகுதான், வண்டியில் ஏறினால் தன்னிடம் பாக்கியிருப்பது வெறும் காது மட்டும்தான் என்பது உறைத்தது. கையால் தொட்டுப் பார்க்க வண்டிக்குள் ஒன்றும் இல்லை.

டயர் கடைக்குப் பின்னால் இருந்த பொட்டலில் ஹாரன் வண்டியை வட்டமடித்தான். வலது பக்கம் முழுக்க ஒடித்து, மெதுவாக, ஒரு வட்டம், இன்னொரு வட்டம். பாம்புக்காதுக்கு இன்ஜினின் உறுமல் மட்டும் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல வந்தது. காலை அழுத்தித் தரையில் வைத்துப் பார்த்தார். கதவில் உள்ளங்கையை ஒட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

"இதோ, இதோ... கேக்குதாண்ணே?"

அவர் ஹாரனின் முகத்தைப் பார்த்தார். ஒவ்வொரு சுற்றிலும் அவன் புருவம் ஒரே மாதிரி ஏறி இறங்கியது. அப்படியானால் சத்தம் இருக்கிறது. சந்தேகமே இல்லை, இருக்கிறது. "ஷெட்டுக்கு விடு, மாப்ளையை ஏத்திக்கலாம், அவனும் ஒரு தடவை கேக்கட்டும்" என்று சொன்னால் முடிந்தது. ஆனால் சொன்னால்? ஏன் அண்ணே, உங்களுக்குக் கேக்கலையா என்று இவன் கேட்பான். இவன் வாய் சும்மா இருக்குமா? சாயந்தரத்துக்குள் சாலை முழுக்கத் தெரிந்துவிடும். டயர் கடைக்காரன் சிரிப்பான். நாளைக்கு யார் வண்டியைக் கொண்டுவந்து விடுவார்கள்?

"ஒண்ணும் இல்லப்பா. புது பேட். கொஞ்ச நாள் ஓடிப் பழகினா அடங்கிடும்" என்றார்.

ஹாரன் வண்டியை ஷெட் பக்கம் திருப்பினான். அப்புறம் சிரித்தான். "அப்ப என் காதுலதான் கோளாறு. உங்களுக்கே கேக்காத சத்தம் எனக்கு எங்கண்ணே கேக்கப்போகுது?"

ஷெட் வாசலில் மச்சினன் சக்கரம் கழற்றுகிற ஸ்பேனரோடு தயாராக நின்றிருந்தான். "கழட்டிப் பாத்துடட்டுமா மாமா?"

"வேணாம் மாப்ள. போகலாம்."

ஐயோ, அந்த ஒரு சொல். கழற்றியிருந்தால் அரைமணி நேர வேலை.

அது நடந்தது ஒரு காலை. அவர் ஷெட் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரர் வெளியே ஓடி வந்தார். எதிரே பஸ்ஸுக்கு நின்றிருந்தவர்கள் சிதறிச் சுவரோரம் ஒண்டினார்கள். மச்சினன் வேலையை அப்படியே போட்டுவிட்டு அவரைத் தாண்டிப் பாய்ந்தான். எல்லாருடைய முகமும் மேட்டைப் பார்த்திருந்தது. இவர் மட்டும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, என்னடா இது என்று இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தார். மேட்டின் உச்சியிலிருந்தே ஹாரன் கையை எடுக்காமல் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தானாம். அந்தச் சத்தம்தான் பஸ் நிறுத்தத்தில் இருந்தவர்களைக் காப்பாற்றியது. ஊருக்கே கேட்டது. அவர் தலையைத் திருப்பிப் பார்த்தபோது வேன் கண்ணாடிக் கடையைத் தாண்டி, மூலையில் இருந்த கருங்கல் சுவரில் இடது பக்கத்தைக் கொண்டுபோய் மோதிவிட்டது.

மாவு மூட்டைகள் வெடித்துச் சாலையெல்லாம் வெள்ளை. கதவை நெம்பி அவனை வெளியே எடுத்தபோது, தலையிலிருந்து கால் வரைக்கும் மாவு. வாய் அசைந்துகொண்டிருந்தது. என்ன சொன்னான் என்று அவருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற மச்சினனைக் கேட்டார்.

"பெடல் தரையோட போயிடுச்சாம் மாமா. பிரேக்கே பிடிக்கலையாம்."

வேனை ஷெட்டுக்குத்தான் இழுத்து வந்தார்கள். ரொட்டி முதலாளி பின்னாலேயே வந்தார். கெட்டவர் இல்லை, ஆனால் கணக்கு மனுஷர். "பெடல் உள்ள போயிடுச்சாம்! கதை விடுறான். பேட் மாத்தி மாசம் ஆகல, நீங்களே ரெண்டு தடவை பாத்து அனுப்பியிருக்கீங்க. பாம்புக்காது கேட்டு அனுப்பின வண்டியில பிரேக் போகுமா? விடியக்காலையிலேயே எந்திரிக்கிறவன், தூங்கிட்டான். பஸ்ஸுக்கு நின்ன ஜனங்க மேல ஏறியிருந்தா நான் ஜெயிலுக்குப் போயிருப்பேன். இனி அவனுக்கு நம்ம கடையில ஒண்ணும் கிடையாது." அவர் வாயைப் பார்த்துக்கொண்டே நின்றார் பாம்புக்காது. இந்தத் தடவை ஒரு சொல்லாவது பிடிபடாமல் போயிருக்கக் கூடாதா என்று இருந்தது.

முதலாளி போன பிறகு வலது முன் சக்கரத்தை அவரே கழற்றினார். அந்தப் பக்கம் அடிபடவில்லை. டயரின் உட்புறத்தில் விரலை ஓட்டினார். சுற்றிலும் வளையமாக, இரண்டு விரல் அகலத்துக்கு, ரப்பர் வழவழவென்று பளபளத்தது. பிறகு பிரேக் ஆயில் போகிற ரப்பர் ஹோஸைப் பார்த்தார். ஷாக் அப்சார்பரோடு சேர்த்து அதைப் பிடித்திருக்க வேண்டிய கிளிப் காலியாக இருந்தது. காலிப்பரைத் திருப்புவதற்காக மச்சினன் ஹோஸைக் கிளிப்பிலிருந்து எடுத்திருக்கிறான், திரும்ப மாட்ட மறந்துவிட்டான். அது தளர்ந்து தொங்கியிருக்கிறது. நேராகப் போனால் தொடாது. பாரத்தோடு வலது பக்கம் ஒடித்தால் டயர் அதை நக்கும். சர்ர், சர்ர் என்று. ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, கடைசியில் மேட்டில் இறங்கும்போது வெடித்திருக்கிறது. வெடித்த வாய் காகிதம்போல மெலிந்திருந்தது.

மச்சினன் எட்டிப் பார்த்தான். பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நான்தான் மாமா. கிளிப்பு மாட்டல. நான் பாவி." முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். கொஞ்ச நேரத்தில் கையை எடுத்துவிட்டு, எதையோ பிடித்துக்கொள்ளத் தேடுகிறவனாக அவரைப் பார்த்தான். "ஆனா... நீங்க ஓட்டிப் பாத்தீங்களே? உரசியிருந்தா உங்களுக்குக் கேட்டிருக்குமே. அப்ப அன்னைக்கு உரசல. கிளிப்பு மாட்டித்தான் இருந்திருக்கு. அப்புறம் எங்கியோ பள்ளத்துல இறக்கியிருக்கான், அதுல விட்டுப்போச்சு. அப்படித்தானே மாமா?"

"அப்படித்தான் இருக்கும் மாப்ள" என்றார் அவர்.

சொன்னவுடனே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் சொல்லிவிட்டார். மச்சினன் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து போய் முகம் கழுவினான்.

மறுநாள் மனைவி அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஹாரனுக்கு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். போர்வை அந்த இடத்தில் தட்டையாகக் கிடந்தது. அவன் மனைவி தலைமாட்டில் நின்றிருந்தாள், கண்கள் வீங்கிப்போயிருந்தன. இவரைக் கண்டதும் ஹாரன் சிரிக்கப் பார்த்தான்.

"அண்ணே, அந்தச் சத்தம் தினமும் வந்துச்சுண்ணே. உங்களுக்கே கேக்கல, நமக்கென்னன்னு விட்டுட்டேன். என் தப்புதான்." மூச்சு வாங்கினான். "கால் போனது கூடப் பரவால்லண்ணே. தூங்கிட்டு ஓட்டினேன்னு முதலாளி சொல்றாரு. எம் புள்ளைங்க காதுலயும் அதானே விழும்? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. வண்டியில கோளாறு இருந்துச்சுன்னு. உங்க வார்த்தைன்னா நம்புவாரு."

அவர் தலையை ஆட்டினார். வழக்கமாக ஆட்டுகிற ஆட்டல் இல்லை அது. எல்லாம் புரிந்துதான் ஆட்டினார்.

வெளியே வந்ததும் மனைவி அவர் முன்னால் வந்து நின்றுகொண்டாள். வாயைப் பெரிதாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா? இத்தனை நாள் உங்க மானத்துக்காக வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன். இனிமே முடியாதுங்க. அவ முகத்தை என்னால பாக்க முடியல."

"நானே சொல்றேன்" என்றார்.

ரொட்டி முதலாளி அடுத்த நாள் காலையில் வேனைப் பழைய இரும்புக்குப் போட ஆளோடு வந்தார். மச்சினன் உள்ளே கம்ப்ரஸரை ஓட்டிக்கொண்டிருந்தான். பாம்புக்காது முதலாளியைக் கூட்டிக்கொண்டு வேன் பக்கத்தில் போய், காலிக் கிளிப்பைக் காட்டினார், டயரின் வழவழப்பைக் காட்டினார், ஹோஸைக் கையில் கொடுத்தார். "அவன் தூங்கல. பிரேக் ஆயில் போயிடுச்சு. எங்க ஷெட் கோளாறு" என்றார்.

"சரி, ஆனா நீங்க ஓட்டிப் பாத்தீங்கள்ல? அன்னைக்கு உரசலன்னுதானே அனுப்பினீங்க?"

"உரசிச்சு. எனக்குக் கேக்கல. எனக்குக் காது கேக்காது முதலாளி."

முதலாளி அவரைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "பாம்புக்காதுக்குக் காது கேக்காதா? நல்லா இருக்கே! அவன்மேல பாசம் இருக்கலாம் அண்ணே, அதுக்காக இப்படியா? காலையில வந்ததுலேருந்து நான் கேக்கிறதுக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டுத்தானே இருக்கீங்க?"

"வாயைப் பாத்துச் சொல்றேன்."

"காதுல பூ சுத்தாதீங்க."

அவர் பையிலிருந்து மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறந்து மெஷினைக் காட்டினார். முதலாளி அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு கீறல் இல்ல, புத்தம் புதுசு. எங்க இரவல் வாங்கினீங்க? உங்களுக்கு நல்ல மனசு அண்ணே. ஆனா பொய்க்கு நான் தலையாட்ட முடியாது." கூட்டை அவர் கையிலேயே திணித்தார்.

வாழ்நாள் முழுக்க அவர் சொன்னதையெல்லாம் நம்பினார்கள். பொய் சொன்னபோதும் நம்பினார்கள். உண்மையைச் சொன்னதும் சிரிக்கிறார்கள். அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எப்படி நிரூபிப்பது? காது கேட்கிறது என்று காட்ட ஆயிரம் வழி உண்டு. கேட்கவில்லை என்பதை எப்படிக் காட்டுவது?

சத்தம் கேட்டு மச்சினன் வந்துவிட்டான். முதலாளி அவனிடம் ஏதோ சொன்னார். மச்சினனின் முகம் சிவந்தது. "என்ன மாமா இது? கிளிப்பு மாட்டாதது நான். அடிக்கிறதா இருந்தா என்னை அடிங்க. நீங்க ஏன் இல்லாததைச் சொல்லி உங்க பேரைக் கெடுத்துக்கிறீங்க? ஊர்ல எவனுக்குக் கேக்காட்டியும் உங்களுக்குக் கேக்கும். இருங்க, இப்பவே காட்டுறேன் முதலாளி." கடைசிச் சொற்களைச் சொல்லும்போது அவன் திரும்பி உள்ளே நடந்துவிட்டான். மீதியை அவரால் பிடிக்க முடியவில்லை. பாதத்துக்கு அடியில் தரையின் அதிர்வு நின்றது. கம்ப்ரஸரை நிறுத்திவிட்டான் என்று தெரிந்தது.

அவர் முதலாளியைப் பார்த்தபடி நின்றார். முதலாளி அவருடைய தோளுக்கு மேலே, பின்னால் எதையோ பார்த்தார். முகத்தில் இன்னும் பாதிச் சிரிப்பு இருந்தது. அது மெல்லக் குறைந்தது. அவர் பார்வை இவர் முகத்துக்கு வந்தது, மறுபடி பின்னால் போனது, மறுபடி இவர் முகத்துக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. இரும்பு ஏற்ற வந்த ஆள் கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டான். பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரர் வாசலுக்கு வந்து நின்று பார்த்தார்.

என்னதான் பார்க்கிறார்கள் என்று அவர் திரும்பினார்.

ஒரு கை தூரத்தில் மச்சினன் நின்றிருந்தான். வலது கையில் பெரிய ஸ்பேனர், இடது கையில் தூக்கிப் பிடித்த பழைய இரும்பு டிஸ்க். ஸ்பேனரால் அதை அடித்து அடித்து, அடிப்பதை நிறுத்திவிட்டிருந்தான். டிஸ்க் கயிற்றில் தொங்குகிற மணிபோல இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அவன் கன்னமெல்லாம் ஈரம். வாய் மட்டும் திறந்து மூடிக்கொண்டே இருந்தது. அந்த வாயை அவர் பார்த்தார். மாமா, மாமா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"இப்ப நம்புறீங்களா முதலாளி?" என்றார்.

மெதுவாகத்தான் சொன்னதாக அவர் நினைத்தார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.